துருவக் காட் மீனின் இளம்பருவ உணவு

துருவக் காட் (போரியோகாடசு சைடா) என்பது ஆர்க்டிக் பெருங்கடலில் வாழும் சிறிய மீன் இனம் ஆகும். இதன் இளமீன்களில் ஒரு பகுதி முதல் ஓரிரு ஆண்டுகளைக் கடல் பனிக்கட்டியின் அடிப்பரப்பை ஒட்டியே கழிக்கின்றது. கதிரவன் பல வாரங்கள் உதிக்காத குளிர்காலத்தில் அங்கு கிடைக்கும் இரை மிகக் குறைவு.

வாழிடம்

பனிக்கட்டியின் அடிப்பகுதி சமதளமன்று. அதிலுள்ள வெடிப்புகளிலும் குழிகளிலும் இளமீன்கள் பதுங்குகின்றன. அங்கு நீரின் வெப்பநிலை சுமார் −1.8 °செ. குருதியிலுள்ள உறைதடுப்புப் புரதங்கள் இம்மீனை உறையாமல் காக்கின்றன. அண்டார்க்டிக்கா மீன்களிலும் ஏறத்தாழ இதே புரதம் உண்டு. எனினும் அது தனியே தோன்றியது என்பது வியப்புக்குரியது. முதிர்ந்த மீன்கள் குளிர்காலத்தில் ஆழத்தில் திரள்வதும் உண்டு. கனடாவின் பிராங்க்ளின் விரிகுடாவில் 2003-04 குளிர்காலத்தில் இத்தகைய பெருந்திரள்கள் ஒலியலைக் கருவியால் அறியப்பட்டன.

உணவு

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் கோபிபாடு எனும் நுண்ணிய மிதவை உயிரிகளின் முட்டைகளையும் இளவுயிரிகளையும் உண்கின்றன. சற்று வளர்ந்தபின் கலானசு வகைக் கோபிபாடுகள் முக்கிய இரையாகின்றன. ஆனால் இவை கோடையில் கொழுப்பைச் சேமித்துக்கொண்டு, குளிர்காலத்தை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் செயலற்ற நிலையில் கழிப்பவை. ஆகவே பனிக்கட்டியை விட்டு நீங்காத இளமீனுக்கு இவை எட்டுவதில்லை.

இந்நிலையில் பனிக்கட்டியைச் சார்ந்து வாழும் ஆம்பிபாடுகள் (இறால் போன்ற சிறு உயிரிகள்) முதன்மை பெறுகின்றன. இவற்றுள் காமரசு வில்கிட்சுகீ 5 செ.மீ வரை வளரும், 10 செ.மீ கூட எட்டாத மீனுக்கு அது பெரிய இரை. அபெரூசா கிளேசியாலிசு அதைவிட மிகச் சிறியது. 2012-ல் செருமானிய ஆய்வுக்கப்பலான போலார்ஸ்டெர்ன், பனிக்கட்டிக்கு அடியில் இழுக்கும் தனிவகை வலையால் இளமீன்களைப் பிடித்தது. கோடையின் இறுதியில் பிடிபட்ட அவற்றின் இரைப்பைகளில் அபெரூசாவே முக்கிய உணவாகக் காணப்பட்டது.

ஆம்பிபாடுகள் பனிக்கட்டியில் வளரும் பாசிகளை மேய்கின்றன. வசந்தகால ஒளியில் பாசி உருவாக்கிய ஆற்றல், அவற்றின் உடற்கொழுப்பாகி, பின்னர் மீனைச் சேர்கிறது. மேற்கூறிய மீன்களின் கொழுப்பு அமிலங்களையும் ஓரிடத்தான்களையும் ஆராய்ந்தபோது, அவற்றின் கரிமத்தில் கணிசமான பங்கு பனிப்பாசியிலிருந்து வந்தது உறுதியானது.

முக்கியத்துவம்

வளையச் சீல், வெண்திமிங்கிலம், நார்வால், கடற்பறவைகள் ஆகியவற்றுக்குத் துருவக் காட் இன்றியமையாத இரை. அந்த ஆய்வு நடந்த 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் பனிப்பரப்பு சுமார் 34 இலட்சம் சதுர கி.மீ ஆகச் சுருங்கியது. 1979-ல் செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அதுவரை பதிவானவற்றுள் இதுவே மிகக் குறைந்த அளவு. பனிக்கட்டி குறையும்போது இளமீன் தன் மறைவிடத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் ஒருங்கே இழக்கிறது.