தாத்தாவின் அடைப்பத்தில் இருந்த கத்தி

தாத்தாவின் அடைப்பம் முப்பது வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்தது. தோல் விறைத்துப்போய், திறக்கவே பாடாய்ப் படுத்திவிட்டது. உள்ளே படிகாரக் கட்டி, கறுத்த பித்தளைக் கிண்ணம், கையகலச் சாணைக்கல், ஒரு மடக்குக் கத்தி. துருவேறிய கத்தி கொம்புப் பிடிக்குள் இறுகிக்கிடந்தது.

அந்தக் கத்தியால்தான் அவர் ஊருக்கெல்லாம் முகம் மழித்தார். அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல் அளப்பார்கள், அதுதான் வருஷக் கூலி. பாட்டி பிரசவம் பார்ப்பாள். வாசல் வழியாக அவர்களை எந்த வீட்டிலும் விட்டதில்லை. கொல்லைப்புறம் சுற்றிப்போய்த்தான் தாத்தா சவரம் செய்தார். 1986இல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. அதன்பின் ஆளுக்கொரு புது பிளேடு என்ற பழக்கம் கடைகளில் பரவியது. அது சரியான மாற்றம்தான். தாத்தாவும் தன் கத்தியை மடக்கி வைத்தார்.

கத்தியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். மூன்றாம் நாள்தான் ஆணி இளகியது. கிரைண்டரில் கொடுத்தால் பத்து நிமிஷ வேலை என்றார் பட்டறைக்காரர். நான் கொடுக்கவில்லை. கத்தியின் வாய் காகிதம்போல மெல்லியது. சூடேறி நீலம் பாய்ந்தால் தோய்ச்சல் போய்விடும். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

உப்புத்தாளைத் தக்கையில் சுற்றி, எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். முதலில் 400, அப்புறம் 600, 1000, கடைசியாக 2000. முதுகிலிருந்து வாயை நோக்கி மட்டுமே கை போக வேண்டும், திரும்பி வந்தால் விரல் அறுபடும். செந்துரு இரண்டு மணி நேரத்தில் போனது. அதன் அடியில் கருந்துரு அரித்த குழிகள் இருந்தன. அவற்றை அப்படியே விட்டேன்.

பிடிக்குள் நுழையும் கழுத்துப் பகுதியைத் துடைத்தபோது எழுத்துகள் தெரிந்தன: ஷெஃபீல்டு. அலகின்மேல் மங்கலாக, சில்வர் ஸ்டீல்.

சில்வர் ஸ்டீல் என்ற பெயருக்குப் பின்னால் நம் நாட்டு இரும்பு இருக்கிறது. நாம் உருக்கு என்பதைக் கன்னடத்தில் உக்கு என்பார்கள். ஆங்கிலேயர் வாயில் அது ஊட்ஸ் ஆனது. மூசையில் இட்டு உருக்கிய அந்த இரும்பின் கட்டிகள் 1790களில் லண்டனுக்குப் போயின. கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதை அடித்துப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதுவே மேல் என்று தன் கடை விளம்பரத்திலேயே போட்டார். அவரும் கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து, ஊட்ஸின் ரகசியத்தைத் தேடி, எஃகில் பல உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள். 500 பங்கு எஃகுக்கு 1 பங்கு வெள்ளி சேர்த்தது அவற்றில் ஒன்று. முடிவுகளை 1820லும் 1822லும் வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர உற்பத்தியாளர்கள் சில்வர் ஸ்டீல் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு, வெள்ளியே சேராத கத்திகளிலும் பொறித்தார்கள். தாத்தாவின் கத்தியும் அப்படிப்பட்டதாகத்தான் இருக்கும். ஆனாலும் கொடுமணலில் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்த தமிழ்நாட்டில், ஒரு நாவிதரின் பைக்குள் அந்தச் சொல் வந்து சேர்ந்தது என்னை வெகுநேரம் உட்காரவைத்துவிட்டது.

தீட்டுவதற்குத் தாத்தாவின் கல்லையே எடுத்தேன். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். முதுகின் தடிமன்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. செய்தவரே அதை அளந்து வைத்திருக்கிறார். நுனியருகே வாயில் ஒரு குழி இருந்தது. அது கரைய இரண்டு மாலை ஆனது. கடைசியில் தோல்வாரில் ஐம்பது இழுப்பு. தாத்தா இதை உள்ளங்கையிலேயே செய்வார், எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. முன்கை மயிரில் வைத்தேன், ஓசையில்லாமல் விழுந்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படியொரு அடைப்பம் இருக்கலாம். பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், மின்சாணைக்கும் கொடுக்காதீர்கள். கழுத்திலிருக்கும் எழுத்துகளை முதலில் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் படியுங்கள்.