விசைவாலிகளுக்குப் பெயர் வந்த வரலாறு

குற்றால மலைச்சரிவில் மக்கிய இலையை ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத் தாளில் உதிர்த்தால், கடுகினும் சிறிய உயிர்கள் சில துள்ளி மறையும். வயிற்றின்கீழ் மடித்து மாட்டியிருக்கும் கவட்டுவால் விடுபட்டு நிலத்தை அறைய, உடல் மேலே எறியப்படுகிறது. ஆங்கிலத்தில் ஸ்பிரிங்டெயில் என்பர். நான் விசைவாலி என்கிறேன். ஆறு கால்கள் இருப்பினும், வாயுறுப்புகள் தலைக்குள் ஒடுங்கியிருத்தலால், இன்றைய அறிஞர் பலர் இவற்றைப் பூச்சிகளோடு சேர்ப்பதில்லை.

இவ்வகுப்புக்குக் கொல்லெம்போலா என்று பெயரிட்டவர் ஆங்கில வங்கியாளரான ஜான் லப்பக். 1873-இல் இவற்றைப் பற்றிப் பெருநூல் ஒன்றும் வெளியிட்டார். பசை, ஆப்பு என்னும் கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அப்பெயர். வயிற்றடியிலுள்ள குழலால் இவை ஒட்டிக்கொள்கின்றன என்று அவர் கருதினார். நீரை உறிஞ்சுவதே அக்குழலின் முக்கியமான தொழில் என்பது பின்னர் விளங்கிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

அலகாபாத்தில் பேராசிரியராயிருந்த இம்ஸ் என்பவர், இந்தியா, பர்மா, இலங்கை விசைவாலிகளைப் பற்றி 1912-இல் எழுதி, கீழ்த்திசை இனங்களுக்கு ஓர் அட்டவணையும் தந்தார். அது வெளிவந்தது இலண்டன் இதழில். தென்னிந்திய இனங்களைப் பற்றி 1929-இல் ஹான்ட்ஷின் எழுதியதோ ஜெர்மன் மொழியில், சுவிட்சர்லாந்து இதழில். நம் காலடி உயிரை அறிய நம் மாணவன் ஜெர்மன் படிக்க வேண்டியதாயிற்று. வேறு வழியில்லை, ஒன்றைப் புதிய இனம் என்று சொல்லுமுன், முன்னோர் எழுதிய விவரத்தோடும், பெயரிடும்போது அவர்கள் வைத்துக்கொண்ட மாதிரியோடும் ஒப்பிட்டாக வேண்டும்.

இடையில் 1926-இல், ஸ்காட்லாந்துப் பாறையில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டு பழமையான விசைவாலிக்குப் பெயர் சூட்டிய இருவருள் ஒருவர் இந்தியரான சமரேந்திர மௌலிக் என்பதை நம் பாடநூல்கள் சொல்லியிருக்கலாம்.

மேற்குமலைக்கு அப்பால், கேரளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என். ஆர். பிரபு, தென்னிந்திய மண்ணிலும் சருகிலும் வாழும் விசைவாலிகளைப் பற்றி 1971-இல் இரு பகுதிகளாக எழுதினார். முதலில் நீள உடலின, அடுத்து உருண்டை உடலின. இம்முறை ஆராய்ந்தவர் அண்டை வீட்டுக்காரர்.

வேலை கடினமானது, கருவி எளிது. இத்தாலியரான பெர்லீஸ் 1905-இல் வகுத்த புனல் முறையில், வலைமேல் சருகைப் பரப்பி மேலிருந்து சூடேற்றினால், உயிர்கள் ஈரம் நாடிக் கீழிறங்கிச் சாராயக் குப்பியில் விழும். பிறகு உருப்பெருக்கியின்கீழ், பக்கத்துக்கு எட்டுக்கு மேற்படாத கண்களையும், நகத்தின் பற்களையும், வால்நுனியின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பல் கூடினால் இனமே வேறாகலாம்.

தென்காசித் தோப்பொன்றின் சருகிலேயே தொடங்கலாம். காட்டுக்குள் எடுப்பதற்கு வனத்துறையின் இசைவு வேண்டும். குப்பிக்குள் இடும் சீட்டில் ஊர், நாள், உயரம், எம்மரத்தின் சருகு என்பவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.