தாமதமாக வரும் பிள்ளையின் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?

காலை மணி அடித்த பிறகு பள்ளி வாயிலில் வந்து நிற்கும் பிள்ளைகள் எல்லாரும் தூங்கிவிட்டு வந்தவர்கள் அல்லர். பாட்டியைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப்போய், அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, தம்பிக்குச் சட்டை மாட்டிவிட்டு ஓடி வந்தவர்களும் அவர்களுள் உண்டு. வயது எட்டு, பத்து, பன்னிரண்டு. பதிவேட்டில் எல்லாருக்கும் ஒரே சொல்தான்: தாமதம்.

நோயுற்ற அல்லது மாற்றுத்திறனாளியான குடும்பத்தினரைத் தொடர்ந்து கவனித்து வரும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை இளம் பராமரிப்பாளர்கள் என்று அழைக்கின்றனர். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் இப்பிள்ளைகளின் தேவையைக் கண்டறியும் பொறுப்பை உள்ளூர் மன்றங்களிடம் ஒப்படைத்தது. 2023 முதல் அங்குள்ள பள்ளிக் கணக்கெடுப்பிலும் இவர்களுக்கென ஓர் இடம் உண்டு. அப்படியிருந்தும் முதல் கணக்கெடுப்பில் பெரும்பாலான பள்ளிகள் ‘எங்களிடம் அப்படி யாருமில்லை’ என்றே பதிந்தன. பிள்ளைகள் இல்லாமல் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளிலும் நிலைமை ஏறக்குறைய அதுவே. பிள்ளை வீட்டு வேலை செய்வது நம் குடும்பங்களில் புதிதல்ல, தவறுமல்ல. பாத்திரம் கழுவும் பிள்ளையை எல்லாம் பராமரிப்பாளர் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: அந்தப் பிள்ளை ஒரு வாரம் வீட்டில் இல்லையென்றால் யாருடைய மருந்தோ, சாப்பாடோ, குளியலோ நின்றுபோகுமா? ஆம் என்றால் அது உதவியல்ல, பொறுப்பு.

இந்தப் பொறுப்பு பல வீடுகளில் நீரிழிவின் வழியாக வந்து சேர்கிறது. மலேசியாவில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம் அதுதான். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு போய்விடும். வீடு திரும்பும் அப்பா தலைசுற்றி, சோர்ந்து படுத்துவிடுவார். அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையில் இருப்பார். அந்த மாலை நேரத்தில் அப்பாவின் பக்கத்தில் இருப்பது நான்காம் ஆண்டுப் பிள்ளை. எவ்வளவு தண்ணீர் கொடுக்கலாம், எந்தப் பழம் கூடாது, எப்போது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். பெருக்கல் வாய்பாடு தெரியாமல் இருக்கலாம். மலாய் தெரியாத பாட்டிக்காக அரசாங்கக் கிளினிக்கில் மொழிபெயர்ப்பதும் பல நேரங்களில் இதே பிள்ளைதான். பெரியவர்களுக்கே சொல்லத் தயங்கும் செய்தியை மருத்துவரிடமிருந்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவதும் அதுதான்.

தோட்டத்தில் லயத்து வீடுகள் இருந்த காலத்தில் நான்கு வாசல் தள்ளி அத்தையோ பெரியம்மாவோ இருப்பார். கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போகலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது உறவினர்கள் ஆளுக்கொரு பக்கம் போயினர். மின்தூக்கி பழுதான கட்டடத்தின் எட்டாம் மாடியில் பக்கவாதம் வந்த தாத்தா இருந்தால், வீட்டுக்குக் கால்கள் அந்தப் பிள்ளைதான்.

இவர்கள் வாய் திறக்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது பாராட்டு. “எங்க வீட்டுப் பெரிய மனுஷி” என்று வருவோர் போவோர் எல்லாம் மெச்சும்போது, எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு பத்து வயதுச் சிறுமி எப்படிச் சொல்வாள்? இரண்டாவது பயம். சமூகநல இலாகாவுக்குத் தெரிந்தால் பிள்ளைகளைக் கொண்டுபோய் இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு பல குடும்பங்களில் உண்டு. அதனால் “வீட்டு விஷயத்தை வெளியே பேசாதே” என்பது அந்தப் பிள்ளைக்கு முதல் பாடமாகிறது.

பள்ளியின் முதல் நடவடிக்கை பெரும்பாலும் எச்சரிக்கைக் கடிதம். தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. கடிதம் அவசியமானதுதான். ஆனால் கடிதம் மட்டும் போனால் அந்த வீடு இன்னும் இறுக மூடிக்கொள்ளும். ஆசிரியர் ஒருவர் நேரில் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். வராத நாள்களை நாள்காட்டியில் குறித்துப் பார்ப்பதும் உதவும். ஒவ்வொரு வாரமும் அதே கிழமைகளில் பிள்ளை வரவில்லையென்றால், அவை டயாலிசிஸ் நாள்களாகவோ கிளினிக் நாள்களாகவோ இருக்கக்கூடும்.

மாணவர் எண்ணிக்கை 150க்கு மேற்படாத குறைந்த மாணவர் பள்ளிகள் தமிழ்ப்பள்ளிகளில் ஏராளம். அங்கே முழுநேர ஆலோசக ஆசிரியரை எதிர்பார்க்க முடியாது. ஆனால் சிறிய பள்ளியில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இது அதன் பலம். பிள்ளைக்குப் பிடித்த ஓர் ஆசிரியரை அதற்கென ஒதுக்கினால் போதும். வகுப்பு முன்னிலையில் எதையும் கேட்கக் கூடாது. ஓய்வு நேரத்தில் அலுவலகத் தொலைபேசியில் வீட்டுக்கு ஒருமுறை பேசவிட்டால், அதுவரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அதன் பிறகு பாடத்தைக் கவனிக்கும். வீட்டுப் பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்க அரை மணி நேரம் தரலாம். கூடுதல் உணவுத் திட்டத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியருக்குப் பெரிய வேலையல்ல.

பிள்ளையின் சுமையைக் குறைக்கும் வழி பெரியவருக்கு உதவி கிடைக்கச் செய்வதுதான். படுத்த படுக்கையாக இருக்கும் மாற்றுத்திறனாளியையோ நாட்பட்ட நோயாளியையோ பராமரிப்பவருக்குச் சமூகநல இலாகா மாத உதவித்தொகை தருகிறது. 2021 வரவு செலவுத் திட்டத்தில் அது 350 ரிங்கிட்டிலிருந்து 500 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. வருமான நிபந்தனை உண்டு. மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சொக்சோ சந்தா கட்டியவராக இருந்தால் டயாலிசிஸ் செலவுக்கு அங்கே கேட்கலாம். பாரத்தை நிரப்பத் தெரியாமல் விட்ட குடும்பங்களுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாலே பெரிய உதவி. அவசரத்துக்கு 24 மணி நேர தாலியான் காசே எண் 15999.

ஆண்டிறுதி விடுமுறையை மறக்கக் கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. இவர்களுக்குப் பள்ளி உணவும் இல்லை, பேச ஆசிரியரும் இல்லை, வீட்டு வேலை நாள் முழுவதும். விடுமுறையின் இரண்டாம் வாரத்தில் பொறுப்பாசிரியர் ஒரு தொலைபேசி அழைப்புக்குத் தேதி குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அம்மாவிடம் நலம் விசாரித்துவிட்டு, பிள்ளையிடமும் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லலாம்.