புலம்பலும் முறையீடும்: 1852ஆம் ஆண்டின் ஒரு சென்னை மனு

தொல்காப்பிய உரியியல் 'புலம்பு' என்னும் சொல்லுக்குத் தனிமை என்று பொருள் சொல்கிறது. இன்று நாம் 'சும்மா புலம்பாதே' என்று ஒருவரை அடக்கும்போது அந்தப் பழம்பொருள் நம் நினைவில் இருப்பதில்லை. ஆயினும் அது சொல்லுக்குள் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்பாரின்றித் தனியே பேசுவது புலம்பல். 'முறையீடு' என்பதிலோ முறை இருக்கிறது. முறை என்றால் நீதி. இரண்டிலும் வெளிப்படும் துயரம் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஒன்று மற்றொன்றாக மாறும் இடம் எது என்பதே இக்கட்டுரையில் நாம் பார்க்க விரும்புவது.

சங்க இலக்கியத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புறநானூற்றின் முப்பத்தைந்தாம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார் என்னும் புலவர் சோழன் கிள்ளிவளவனிடம் உழவரைக் காக்குமாறு எடுத்துரைக்கிறார். பாட்டின் அடிக்குறிப்பு, அவர் தம் நிலத்தின் பழைய கடனை நீக்கிக்கொண்டார் என்கிறது. வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் இந்தக் குறிப்பில் நாம் சற்றே நின்றுவிடுவதுண்டு. பேசியது உழவர் அனைவருக்காக; நீங்கியது ஒருவரின் கடன். புலவர்க்கு அரசவை வாயில் திறந்திருந்தது. பாடத் தெரியாத உழவன் எங்கே போய்ச் சொல்வான்?

இக்கேள்விக்கு நெடுங்காலம் கழித்துச் சென்னை மாகாணத்தில் ஒரு விடை முயலப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதன்மை வருவாய் நிலவரி. அதனை ஊர்தோறும் திரட்டும் பொறுப்பு தாசில்தாரிடமும் அவருடைய சேவகர்களிடமும் இருந்தது. 1816ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவல் அதிகாரமும் அதே தாசில்தாரிடம் சேர்ந்தது. இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். வரி நிலுவைக்காக ஒரு குடியானவனை அடித்தவரும், அடிபட்டவன் போய் முறையிட வேண்டிய காவல் அதிகாரியும் ஒருவரே. மேலே இருந்த கலெக்டரோ மிகப் பரந்த ஒரு மாவட்டத்துக்கு ஒருவர். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கொடுமைதான். ஆனால் அதைக் கேட்டாக வேண்டியவர் என்று எவரும் இல்லை. அவன் பேச்சு புலம்பலாகவே நின்றதற்கு அவனுடைய மனப்பாங்கு காரணமன்று.

சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டி 1844இல் 'கிரசென்ட்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். அவுரியும் துணியும் விற்றுப் பொருள் ஈட்டியவர் அவர். 1852இல் அவரும் நண்பர்களும் கூடி, முதலில் கல்கத்தாச் சங்கத்தின் கிளையாக ஓர் அமைப்பைக் கண்டனர். அது அவ்வாண்டிலேயே தனித்து நின்று 'மதராஸ் சுதேசிகள் சங்கம்' ஆயிற்று. கம்பெனியின் பட்டயம் 1853இல் புதுப்பிக்கப்பட இருந்ததால், அதற்குமுன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு நீண்ட மனுவை அனுப்பினர். நிலவரியின் சுமை, அதைத் திரட்டும் முறையின் கொடுமை, நீதிமன்றங்களின் தாமதம், உப்பு ஏகபோகம், கல்விக்கும் பாசனத்துக்கும் செலவிடாத அரசு எனக் குறைகள் அதில் அடுக்கப்பட்டன.

மனு எழுதும் அரசியலைப் பின்னாளில் தீவிர தேசியவாதிகள் பிச்சை கேட்பது என்று எள்ளினர். மாணவப் பருவத்தில் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். மனு போய்ச் சேர்ந்ததும் நிகழ்ந்ததைப் பார்த்தால் அந்த ஏளனம் நியாயமாகவே தோன்றும். பட்டயச் சட்டம் நிறைவேறியது. சென்னைக்காரர்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவை கண்டுகொள்ளப்படவேயில்லை. சங்கத்தார் அங்கேயே ஓய்ந்திருந்தால் அந்த மனுவும் ஒரு நீண்ட புலம்பலாகத்தான் எஞ்சியிருக்கும்.

அவர்கள் ஓயவில்லை. 1853இல் டேன்பி சீமோர் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு செட்டி அவரை மாகாணத்தின் உட்பகுதிகளுக்கு அழைத்துச் சென்று நிலைமையை நேரில் காணச் செய்தார். காகிதத்தில் இருந்த குற்றச்சாட்டு இவ்வாறு கண்ணால் கண்ட சாட்சியாயிற்று. 1854 ஜூலையில் மக்களவையில் இது விவாதமாக எழுந்தபோது, நிலவரிக்காகச் சித்திரவதை நடப்பதை மறுத்துப் பேசியோரும் இருந்தனர். மறுப்பு எழுந்ததே ஒரு வகையில் நன்மையாயிற்று என்பது நம் கருத்து. மௌனத்தோடு வாதிட முடியாது, மறுப்போடு வாதிடலாம். மறுத்தவர்கள் மெய்ப்பித்துக் காட்டுமாறு கேட்க வேண்டியதாயிற்று. கேட்டால் விசாரிக்க வேண்டும். அவ்வாண்டே சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. இவர்களுள் நார்ட்டன், மாகாணத்தின் அவலநிலை குறித்து அரசைக் கண்டித்து அவ்வாண்டிலேயே நூல் எழுதியிருந்த வழக்கறிஞர்.

குழுவின் முன் வந்த முறையீடுகள் மொத்தம் 1,959. அவற்றுள் 1,440 எழுத்தில் வந்தவை. எஞ்சிய 519 பேர் நேரில் வந்தனர். அந்த 519 என்ற எண்ணைக் கடந்துசெல்ல நம்மால் இயலவில்லை. சென்னைக்கு இருப்புப்பாதை வருமுன் தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து நடந்தும் வண்டியேறியும் வந்து, முன்பின் அறியாத மூன்று வெள்ளையர் முன் நின்று, தன் உடலுக்கு நேர்ந்ததைச் சொல்வது எளிதா? அறிக்கையில் வரும் சொற்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. 'கிட்டி' என்பது இரு கழிகளுக்கு இடையே விரல்களைக் கொடுத்து இறுக்குவது. 'அண்ணாந்தாள்' என்பது கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடியே நிறுத்துவது. பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கான தண்டனை ஒன்றும் இப்பெயரால் வழங்கியதைத் தமிழ்ப் பேரகராதியில் காணலாம். வெயிலில் நிறுத்துவது, உணவுக்குப் போகவிடாமல் தடுப்பது, இருவர் குடுமியைச் சேர்த்துக் கட்டுவது, எருமை வாலில் தலைமயிரைக் கட்டுவது எனப் பட்டியல் நீள்கிறது. எல்லாம் பெரும்பாலும் சில ரூபாய் நிலுவைக்காக. ஆங்கில எழுத்தில் 'கிட்டி' என்று அச்சாகிக் கிடப்பதை முதன்முதல் கண்டபோது நாம் அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே போய் நின்றோம்.

1855 ஏப்ரலில் வெளியான அறிக்கை, சித்திரவதை உண்மையே என ஒப்புக்கொண்டது. ஆனால் பழியை எங்கே வைத்தது? மக்கள் தம் சொந்த நாட்டுக் கீழ்நிலை அலுவலரிடமிருந்துதான் காப்பாற்றுமாறு கேட்கிறார்கள், ஐரோப்பிய அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை என்று எழுதியது. தண்டலுக்கான தொகையை மேலிருந்து விதித்தவர்கள் இவ்வாறு தப்பினர். இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் காரல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் 'நியூயார்க் டெய்லி டிரிபியூன்' இதழில் இந்தியச் சித்திரவதைகள் பற்றி எழுதினார். அரசு தன்னை விடுவித்துக்கொள்ள எழுதிய ஆவணம் வேறொருவர் கையில் அதற்கு எதிரான சாட்சியாயிற்று. குறையை எழுத்தில் பதிந்துவைப்பதன் பயன் இதில் தெரிகிறது.

சங்கத்தின் குறைகளையும் மறைக்கலாகாது. அது நகரத்துச் செல்வர்களின் அவை. உழவனுக்காகப் பேசியது, உழவனை உறுப்பினனாக்கவில்லை. நாகனார் நின்ற அதே இடத்தில்தான் செட்டியாரும் நின்றார் என்று ஒருவர் வாதிட்டால் நாம் பாதி ஒப்புக்கொள்வோம். மறுபாதியை அந்த 519 பேர் தடுக்கிறார்கள். அவர்கள் வேறொருவர் பாட்டில் வந்தவர்கள் அல்லர். தன் கதையைப் போன்றே நூற்றுக்கணக்கான கதைகள் அதே வாயிலில் நிற்பதை அவர்கள் அங்கே கண்டிருப்பார்கள். தொல்காப்பியர் சொன்ன தனிமை உடைந்தது அந்த வரிசையில்தான் என்று நாம் கருதுகிறோம்.

லட்சுமிநரசு செட்டி 1863இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். இதழுக்கும் பொதுப்பணிக்கும் செலவிட்டே பொருளெல்லாம் கரைந்து, 1868இல் வறுமையில் இறந்தார். காவலையும் வரித்தண்டலையும் பிரித்துத் தனிக் காவல்துறையை ஏற்படுத்திய சட்டம் 1859இல்தான் வந்தது. சாட்சி சொல்ல வந்த குடியானவர்கள் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஊர் திரும்பியிருந்தார்கள், அதே தாசில்தார்களின் ஆட்சி எல்லைக்கு.