பிழைசுட்டும் செருகுநிரல்கள்: ஒரு தொழிற்கருவியின் வரலாறு

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி, வாரச் சந்தையால் சுற்றுவட்டாரத்தில் பெயர்பெற்ற ஊர். 2021ஆம் ஆண்டு ஓலா நிறுவனத்தின் மின் ஸ்கூட்டர் ஆலை அங்கு எழுந்ததன் வழியாக, ஒசூரில் வேரூன்றியிருந்த வாகனத் தொழில் கிழக்கே இவ்வூர்வரை பரவியது. இத்தகைய மின் வாகனங்களில் மின்கலத்தின் வெப்பத்தைக் கண்காணிப்பதும் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை அளந்து விடுவதும் நிரல்களே. வாகனங்களுக்குள் பதிக்கப்படும் நிரல்கள் உலகெங்கும் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்படுகின்றன. அம்மொழியோ எழுதுபவரை மிகுதியாக நம்புவது, பல தவறுகளைத் தடுக்காமல் விட்டுவிடுவது. ஆகவே அத்தவறுகளை முன்கூட்டியே சுட்டும் கருவிகளின் வரலாறு இவ்வட்டாரத் தொழிலுக்கு அயலானதன்று.

அவ்வரலாறு 1978இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய ‘லிண்ட்’ என்னும் நிரலிலிருந்து தொடங்குகிறது. நிரலைக் கணினி இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றும் தொகுப்பி அக்காலத்தில் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே பார்த்ததால், ஒரு கோப்பில் இரண்டு மதிப்புகளை எதிர்பார்க்கும் செயற்கூறு, அதாவது பெயரிட்டு அழைக்கப்படும் நிரல்பகுதி, மற்றொரு கோப்பிலிருந்து மூன்று மதிப்புகளோடு அழைக்கப்பட்டாலும் அதன் கண்ணுக்குப் படவில்லை. லிண்ட் எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் படித்து இம்முரணைக் காட்டியது. தொகுப்பியின் வேகம் குறையாதிருக்கச் சோதனையைத் தனி நிரலாக வைத்தது நல்ல முடிவுதான். ஆனால் அச்சோதனையை யார், எப்போது இயக்குவது என்ற கேள்வியும் அம்முடிவோடு பிறந்தது.

வாகனத் துறை இக்கேள்விக்குக் கட்டாயத்தால் விடை தேடியது. பிரிட்டனின் மிஸ்ரா அமைப்பு 1998இல் வாகன நிரல்களுக்கென 127 விதிகளை வெளியிட்டது. உண்மையா பொய்யா எனச் சோதிக்கும் இடத்தில் மதிப்பளிக்கும் குறியை எழுதலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஒரு சமக்குறி குறைந்தால் ஒப்பீடு மதிப்பளிப்பாக மாறிவிடும் மொழியில் இது எத்துணை இன்றியமையாத விதி என்பதை விளக்க வேண்டியதில்லை. இத்தனை விதிகளையும் நினைவில் வைத்து வரிவரியாகப் பார்ப்பது மனிதரால் ஆகாது; அதற்குச் சோதனைநிரலே வேண்டும்.

இதற்கிடையே சோதனை உரைதிருத்திக்குள், அதாவது நிரலைத் தட்டச்சிடும் மென்பொருளுக்குள், மெல்ல நுழைந்தது. பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட ‘விம்’ என்னும் உரைதிருத்தி, பிழைப் பட்டியலைப் படித்து உரிய வரிக்கே தாவும் வசதியை, அமிகா கணினியின் ஆஸ்டெக் சி தொகுப்பியைப் பின்பற்றிப் பெற்றது. 2009இல் மார்ட்டின் கிரென்ஃபெல் உருவாக்கிய ‘சின்டாஸ்டிக்’ என்னும் செருகுநிரல், அதாவது உரைதிருத்தியோடு இணைந்து அதன் ஆற்றலைக் கூட்டும் துணைநிரல், கோப்பைச் சேமிக்குந்தோறும் சோதனையை இயக்கிப் பிழையுள்ள வரியின் ஓரத்தில் குறியிட்டது. அந்நாளைய விம் ஒரு நேரத்தில் ஒரு வேலையே செய்யவல்லதாதலால், சோதனை முடியும்வரை திரை உறைந்து நின்றது. காத்திருக்கப் பொறாதவர்கள் தானியங்கிச் சோதனையையே நிறுத்திவைத்தனர்.

விம்மிலிருந்து கிளைத்து 2014இல் தொடங்கிய நியோவிம் திட்டமும் 2016 செப்டம்பரில் வந்த விம் 8.0 பதிப்பும் பின்னணியில் வேலை நடத்தும் வசதியைத் தந்தபின்பே இத்தடை நீங்கியது. அதே ஆண்டில் வந்த ‘ஏல்’ என்னும் செருகுநிரல், தட்டச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, சேமிக்கப்படாத வரிகளையும் சோதனைக்கு அனுப்பியது. சின்டாஸ்டிக் பின்னர் பராமரிப்பு நின்று, தன் பயனரையே ஏலுக்கு மாறும்படி பரிந்துரைத்தது.

எனினும் செருகுநிரல் பிழையைக் கண்டுபிடிப்பதில்லை. பின்னிருக்கும் சோதனைநிரல் கண்டதை அது திரைக்குக் கொண்டுவருகிறது. எனவே வாகன நிரலை எழுதுவோர் முதலில் தேர வேண்டியது, மிஸ்ரா விதிகளைச் சோதிக்கும் துணைநிரலுடைய ‘சிபிபிசெக்’ போன்ற சோதனைநிரலையே; அதன்பின் எழுதும் கையை நிறுத்தாமல் அதை இயக்கும் செருகுநிரலைத் தேரலாம். தட்டச்சின்போது ஒரு கோப்பை மட்டும் பார்க்கும் சோதனைக்குக் கோப்புகளுக்கிடையிலான முரண் இன்றும் எளிதில் புலப்படாததால், முழு நிரலையும் சேர்த்துப் பார்க்கும் சோதனையை ஒவ்வொரு தொகுப்பின்போதும் தனியே நடத்தியாக வேண்டும்.