விரல் படாத கல்

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். 1922இல் சிவகாசி பி. ஐய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். சிவகாசியில் அச்சாபீஸ்கள் பெருகியது அந்த வழியில்தான். பட்டாசு லேபிளும் காலண்டரும் பின்னால் சேர்ந்துகொண்டன.

அப்படியோர் அச்சாபீஸில் என் அப்பா லித்தோ கல் தேய்த்தார். 1796இல் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு முறை அது. பேர்பெற்ற கற்கள் ஜெர்மனியின் பவேரியாவில் வெட்டிய சுண்ணாம்புக் கற்கள். பழைய படம் போக, மணலும் தண்ணீரும் விட்டுக் கல்லோடு கல்லை வட்டமாகத் தேய்ப்பார். ஒரு பருமணல் சிக்கினால் போதும், கீறல் விழும். மறுபடி முதலிலிருந்து தேய்க்கணும். எண்ணெய்ப் பசையால் வரைந்த இடம் தண்ணீரை ஒதுக்கி மையை வாங்கும். விரலிலும் எண்ணெய்ப் பசை இருக்கிறதே! எட்டு வயதில், தேய்த்துக் காயவைத்த கல்லில் கட்டைவிரலை வைத்துவிட்டேன். பட்டாசு லேபிளின் மூலையில் ரேகை ரேகையாக விழுந்தது. அப்பா அடிக்கவில்லை. "ஓரத்தத்தான் பிடிக்கணும்யா. மூஞ்சில கை வைக்கக் கூடாது" என்றார். அச்சேறும் பக்கத்தை அவர் மூஞ்சி என்றுதான் சொல்வார்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஃபிலிம் நெகட்டிவ் வந்திருந்தது. கோவில்பட்டி கொண்டைய ராஜூவின் சாமி படங்கள் வீட்டுக்கு வீடு காலண்டராகத் தொங்கிய ஊர்ப்பக்கம் இது. அம்மன் கன்னத்தில் ஒரு புள்ளி விழுந்தாலும் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். நெகட்டிவின் ஊசிமுனை ஓட்டைகளைத் தூரிகையால் அடைத்தே என் கண் பழகியது.

2011 செப்டம்பர் 15 அன்று காக்களூரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த வருடம் பிளஸ் டூ படித்த என் மகளுக்கும் ஒன்று வந்தது. திரையில் கறை கண்டு, அச்சாபீஸ் பழக்கத்தில் தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன். பழைய கம்ப்யூட்டர் டப்பாவின் முகம் கண்ணாடி. இதன் முகமோ பிளாஸ்டிக் படலம், அதன்மேல் கண்கூச்சம் தடுக்கும் மெல்லிய பூச்சு. மூலையில் வெள்ளையாய்ப் பூத்தது போகவே இல்லை. கல்லென்றால் மறுபடி தேய்த்திருப்போம். அவள் அந்த மூலையோடுதான் கல்லூரியும் முடித்தாள். இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

எங்கள் ஊர்த் தூசியும் லேசுப்பட்டதல்ல. அச்சடித்த தாள்கள் ஒட்டாமலிருக்கத் தூவும் பவுடர், பட்டாசு ஆபீஸிலிருந்து உடுப்போடு வரும் அலுமினியத் தூள், கரிசல் புழுதி. உலர்துணியால் அழுத்தித் துடைத்தால் இவையே பருமணலாகிக் கீறும். ஆகவே இப்போதெல்லாம் மடிக்கணினியை முதலில் அணைத்து ஆறவிட்டு, மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுகிறேன். பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியில் காய்ச்சி வடித்த நீரைத் தொட்டு, அழுத்தாமல் துடைக்கிறேன். திரைமேல் நேரே தெளித்தால் நீர் விளிம்பில் இறங்கிவிடும். மூடுமுன் கீபோர்டில் பேனா கிடக்கிறதா என்று பார்ப்பேன். திறப்பது மேல்விளிம்பின் நடுவைப் பிடித்து.

என்னிடம் டிசைன் பழக வரும் பிள்ளைகள் "இந்தச் சிவப்பா சார்?" என்று திரையிலேயே விரலை ஊன்றிக் கேட்கிறார்கள். மவுஸை நகர்த்தி, அம்புக்குறியால் காட்டச் சொல்கிறேன்.