செருகும் காரும் செருகாத காரும்
கார் வாங்கப் போகும் லிட்கம் நண்பர்கள் ஹைபிரிட்டா, பிளக்-இன்னா, முழு மின்சாரமா என்று கேட்டால், நான் வரியின் கதையைச் சொல்வேன்.

2009 டிசம்பரில் மெல்பர்ன் ஆல்டோனா ஆலையில் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் உற்பத்தி தொடங்கியது. அதன் பேட்டரியை எஞ்சினும் பிரேக்கும்தான் நிரப்பும். ஓடுவதெல்லாம் பெட்ரோல் காசில். ஆகவே பெட்ரோல் வரி அரசுக்குத் தப்பாமல் போனது. (அந்த ஆலை 2017 அக்டோபர் 3 அன்று மூடப்பட்டது.)

செருகும் கார்கள் பெருகியதும் கவலை வந்தது. 2021 ஜூலை 1 முதல் விக்டோரியா கிலோமீட்டருக்கு மின்காருக்கு 2.5 சதமும் பிளக்-இன்னுக்கு 2 சதமும் விதித்தது. சாதாரண ஹைபிரிட்டுக்கு ஒன்றுமில்லை. பிளக்-இன்காரர் பெட்ரோல் போட்டால் அந்த வரியும் சேர்ந்தது. எனக்கு இது அநியாயமாகவே பட்டது. கார் உரிமையாளர்கள் இருவர் வழக்குத் தொடுத்தார்கள். 2023 அக்டோபர் 18 அன்று நாட்டின் உச்ச மன்றமான ஹைகோர்ட், இது மாநிலம் விதிக்கக்கூடாத கலால் வரி என்று 4க்கு 3 என்ற கணக்கில் ரத்து செய்தது.

கான்பரா வேறு வழியில் போனது. நிறுவனம் வழியாகச் சம்பளத்தில் கழித்து எடுக்கும் மின்காருக்கும் பிளக்-இன்னுக்கும் 2022 ஜூலை முதல் வரிவிலக்கு. 2025 ஏப்ரல் 1 முதல் புதிய பிளக்-இன்னுக்கு அது நின்றது. ஹைபிரிட்டுக்கு என்றுமே கிடைத்ததில்லை. கார் நிறுத்துமிடத்தில் சார்ஜர் இல்லாத அடுக்குமாடிக்காரர் பெரும்பாலும் வாங்குவது அதைத்தான்.